“எதிர்த்துப் பேசாதே” என்று வளர்த்துவிட்டு…

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிள்ளைகளின் சண்டையைப் பற்றித்தான். லீவு விட்டாச்சு, தெருவில் விளையாட்டு களைகட்டியாச்சு, கூடவே பஞ்சாயத்தும். 31 வருடம் தொடக்கப்பள்ளியில் பாடம் எடுத்தவள் என்பதால் எனக்கு இதெல்லாம் பழகிய சத்தம். ஒரே மாதிரி கேட்டவர்களுக்கு ஒரே பதிலாகச் சேர்த்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் மகளுக்கு 5 வயது, யூகேஜி படிக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண் உயிர்த்தோழி. நேற்று அந்தப் பெண் யானைக்கு நீலக் கலர் அடித்தாள் என்று அந்தப் படத்தையே கிழித்துவிட்டாள். எதற்கெடுத்தாலும் “உன்கூட காய்” என்கிறாள், பத்து நிமிடத்தில் பழம் விடுகிறாள், திரும்பவும் காய். இந்தப் பழக்கத்தை எப்படி நிறுத்துவது?
*– வாசகி, திருப்பூர்*

காய் விடுவதை ஏன் நிறுத்த வேண்டும்? பத்து நிமிடத்தில் பழம் விடத் தெரிந்த பிள்ளை அவள். பங்காளிச் சண்டையில் பன்னிரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத ஒரு சித்தப்பா வீடு நம் எல்லோருக்கும் இருக்கிறது, நமக்குத்தான் பழம் விடுவது மறந்துபோச்சு. காய் என்றால் “எனக்கு இப்போ உன்மேல கோபம்” என்று அர்த்தம், அவ்வளவுதான். படத்தைக் கிழித்ததுதான் விஷயம், அதை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நீல யானைக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று யோசித்தீர்களா? சின்னப் பிள்ளைகளுக்குத் தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்ற நினைப்பு இருக்கும். 1983-ல் ஹைன்ஸ் விம்மர், யோசப் பெர்னர் என்று ஆஸ்திரியாவில் இரண்டு உளவியலாளர்கள் இதற்கு ஒரு சோதனை செய்தார்கள். மாக்சி என்ற பையன் சாக்லேட்டை ஒரு அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான், அவன் இல்லாதபோது அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள், அவன் திரும்பி வந்து எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும், சாக்லேட் இப்போது இருக்கும் புது இடத்தையே காட்டுவார்கள். ‘எனக்குத் தெரியும், அப்படின்னா அவனுக்கும் தெரியும்’ என்பதுதான் கணக்கு. நாலு, ஐந்து வயதில்தான் இது மெல்ல மாறுகிறது. கடுகு டப்பா, சீரக டப்பா, ஒரு மிட்டாய் இருந்தால் வீட்டிலேயே பொம்மையை வைத்து இதை விளையாடிப் பார்க்கலாம். (பிள்ளை தப்பாகச் சொன்னால் உடனே டாக்டரைத் தேடி ஓடாதீர்கள், இது பரீட்சை இல்லை.)

உங்கள் மகள் அந்த வாசற்படியில் நிற்கிறாள். யானை கறுப்பு என்று அவளுக்கும் தெரியும்தானே, தெரிந்துகொண்டே நீலம் அடிக்கிறாள், அப்படியானால் வேண்டுமென்றேதான் செய்கிறாள்! இந்த வயதுப் பிள்ளைகளின் கோபம் பல சமயம் இப்படி ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் முதலில் ஒரு கேள்வியைப் பழக்குங்கள்: “நீ ஏன் நீலம் அடிச்ச?” இதைத் திட்டுகிற குரலில் கேட்கக்கூடாது, தெரிந்துகொள்கிற குரலில் கேட்க வேண்டும். 2019 டிசம்பர் 26-ம் தேதி வந்த சூரிய கிரகணம் ஞாபகம் இருக்கிறதா, அரையாண்டு லீவு முடிந்து பள்ளி திறந்ததும் என் வகுப்பில் ஒரு பையன் சூரியனைக் கறுப்பாக வரைந்து வைத்தான். “மக்கு, சூரியன் கறுப்பாவா இருக்கும்?” என்று பக்கத்தில் இருந்தவன் சிரிக்க, இவன் அழ, நான் போய் “ஏன்டா கண்ணா கறுப்பு?” என்றேன். “கிரகணம் டீச்சர். சுத்தி ஆரஞ்சு வளையம் போட்டிருக்கேன் பாருங்க” என்றான். சிரித்தவன் உடனே தன் நோட்டிலும் ஒரு கறுப்புச் சூரியன் வரைய உட்கார்ந்துவிட்டான்.

கிழித்ததற்கு “சாரி சொல்லு, சொல்லு, சொல்லு” என்று பிடரியைப் பிடித்துத் தள்ளாதீர்கள். கிழிந்த தாளை இரண்டு பேரும் உட்கார்ந்து பசை போட்டு ஒட்டட்டும், நீங்கள் டேப் வெட்டிக் கொடுங்கள். அப்புறம் வீட்டில், “உனக்குப் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லு, அவ பேப்பர் அவளோடது” என்று ஒரே ஒரு தடவை சொன்னால் போதும்.

மகனுக்கு 8 வயது. தெருவில் கிரிக்கெட் ஆடப் போனால் அரை மணி நேரத்தில் அழுதுகொண்டு வருகிறான். அவுட்டா இல்லையா என்பதில்தான் எப்போதும் தகராறு. நான் போய் நடுவராக நின்றால் சரியாகுமா?
*– வாசகர், நாகர்கோவில்*

போகாதீர்கள் சார். நீங்கள் நின்றால் அன்றைக்குச் சண்டை வராது, நாளைக்கு நீங்கள் இல்லாதபோது இரண்டு மடங்காக வரும்.

சுவிட்சர்லாந்துக்காரர் ழான் பியாஜே பிள்ளைகள் கோலி ஆடுகிற இடத்தில் போய் உட்கார்ந்து, “இந்த ஆட்டத்துக்கு யார் சட்டம் போட்டது, இதை மாற்றலாமா?” என்று கேட்டார். 1932-ல் அதை எழுதி வெளியிட்டார். சின்னவர்கள், சட்டம் பெரியவர்களிடமிருந்தோ கடவுளிடமிருந்தோ வந்தது, மாற்றவே கூடாது என்றார்கள். பத்து வயதைத் தாண்டியவர்கள், எல்லோரும் ஒத்துக்கொண்டால் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். நடுவில் நின்று அடித்துக்கொள்கிற வயதுதான் உங்கள் மகனுடையது. சேர்ந்து ஆடி, முரண்டு பிடித்து, ஆட்டம் கலைந்து, மறுபடி சேர்ந்துதான் அந்தப் பக்கம் போக முடியும். அதை நீங்கள் அவனுக்குப் பதிலாகச் செய்துகொடுக்க முடியாது.

செய்ய முடிந்தது ஒன்று இருக்கிறது. ஆட்டம் தொடங்கும் முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எந்தச் சுவரைத் தாண்டினால் அவுட், ஒன் பிட்ச் கேட்ச் உண்டா, முதல் பந்து ட்ரையலா, எல்லாவற்றையும் விட முக்கியமாக, சந்தேகம் வந்தால் என்ன செய்வது. “சந்தேகம்னா அந்தப் பாலை மறுபடி போடணும்” என்று முன்கூட்டியே ஒரு வரி பேசி வைத்திருந்தால் பாதித் தகராறு அங்கேயே முடிந்துவிடும். பேட்டுக்குச் சொந்தக்காரன் கோபித்துக்கொண்டு கிளம்பினால் பேட் போகுமா, ஆள் மட்டும் போவானா என்பதையும் பேசிக்கொள்வது நல்லது, அனுபவத்தில் சொல்கிறேன்.

பிள்ளைகளைக் குறைவாக எடை போடாதீர்கள். ஓடத் தெரியாத தம்பிப் பாப்பாவை “ஒப்புக்குச் சப்பாணி” என்று சேர்த்துக்கொண்டு, தொட்டாலும் அவுட் இல்லை என்று சட்டம் போட்டது யார்? எந்தப் பெரியவரும் இல்லை. கோபம் தலைக்கேறும்போது “அம்பேல்” சொல்லி ஓரமாகப் போய் நிற்கிற வழக்கம் எங்கள் தெருவில் இருந்தது, அந்த இரண்டு நிமிடம் யாரும் கிண்டல் செய்யக்கூடாது. இப்போதும் அப்படி ஒரு வார்த்தையை அவர்களே வைத்துக்கொள்ளலாம்.

அழுதுகொண்டு வந்தால் தண்ணீர் கொடுங்கள், முழுவதும் கேளுங்கள். அப்புறம், “சரி, அவன் என்ன சொன்னான்? அவன் இங்க உட்கார்ந்து கேட்டுட்டு இருந்தா ‘ஆமா, நான் இதைத்தான் சொன்னேன்’னு ஒத்துக்கிற மாதிரி சொல்லு பார்ப்போம்” என்று கேட்டுப் பாருங்கள். முதல் தடவை “அவன் அழுகுணி ஆட்டம் ஆடினான்” என்பதைத் தாண்டி ஒன்றும் வராது. நாலாவது ஐந்தாவது தடவையில் “பால் தரையில பட்டுதான் வந்துச்சுன்னு சொல்றான், அவன் நின்ன இடத்துல இருந்து அப்படித் தெரிஞ்சிருக்கும்” என்று வரும். வந்த அன்றைக்கு எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.

கல்லை எடுத்தால், கழுத்தைப் பிடித்தால், நாலு பேர் சேர்ந்து ஒருவனை மடக்கினால் மட்டும் உடனே இறங்கிப் போங்கள்.

என் பையன் (6 வயது) பள்ளியில் சாப்பிடும்போது நண்பனின் டிபன் பாக்ஸைப் பார்த்து “சீ, நாத்தம்” என்று சொல்லியிருக்கிறான். கருவாட்டுக் குழம்பாம். அந்தப் பையன் இப்போது இவனோடு உட்கார்வதில்லை, மூடியால் மறைத்துக்கொண்டு சாப்பிடுகிறானாம். எங்கள் வீட்டில் அசைவம் கிடையாது, அவனுக்கு அந்த வாசனை உண்மையிலேயே பிடிக்காது. பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொன்னது தப்பா?
*– வாசகி, சென்னை*

பிடிக்காதது தப்பில்லை, “சீ” தப்பு. “எனக்குப் பிடிக்காது” என்பது உங்கள் மகனைப் பற்றிய செய்தி. “சீ” என்பது அந்தப் பாக்ஸைப் பற்றிய தீர்ப்பு, அதைக் கட்டிக் கொடுத்த அம்மாவையும் சேர்த்து. ஆறு வயதுப் பிள்ளைக்கு அம்மாவின் சாப்பாடும் அம்மாவும் வேறு வேறு இல்லை. மூடியால் மறைத்துக்கொண்டு சாப்பிடுகிறான் என்று எழுதியிருந்தீர்களே, படித்துவிட்டு அன்றைக்கு எனக்கே சாப்பாடு இறங்கவில்லை.

கொஞ்சம் கசப்பாக ஒன்று கேட்கிறேன். அந்தச் “சீ” எங்கிருந்து வந்தது? மாடிப்படியில் பக்கத்து வீட்டுக் குழம்பு வாசனை வரும்போது மூக்கைப் பொத்துவது யார்? உங்கள் வீட்டில் யாரும் செய்வதில்லை என்றால் நல்லது. நம் ஊரில் சாப்பாட்டைச் சொல்லி ஆளைத் தாழ்த்துகிற பழக்கம் பழையது, அதன் பின்னால் சாதி இருக்கிறது. பிள்ளைக்கு அது தெரியாது, ஆனால் முகச்சுளிப்பை மட்டும் அப்படியே பிடித்துக்கொள்கிறது. எதிர்ப்பக்கமும் உண்டு. “தயிர்சாதம், தயிர்சாதம்” என்று கிண்டலடித்து ஒரு பிள்ளையை மூன்றாம் வகுப்பு முழுக்க அழவைத்த வகுப்பு எனக்குத் தெரியும், அதுவும் அதே குற்றம்தான்.

மகனிடம் அறிவுரை வேண்டாம், ஒரு விளையாட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு ரொம்பப் பிடித்த ஒன்றை, பாகற்காய்க்கு நேரெதிரான ஏதோ ஒன்றை, அவன் ஆசையாகச் சாப்பிடும்போது நீங்கள் “உவ்வே” என்று முகம் சுளித்துக் காட்டுங்கள். முகம் வாடும். உடனே, “சரி, இப்போ வேற மாதிரி சொல்றேன்: எனக்கு இது பிடிக்காதுடா, நீ சாப்பிடு, உனக்கு எப்படி இருக்கு?” இரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள். வித்தியாசம் வயிற்றில் இறங்கும். அப்புறம் அந்த நண்பனிடம் போய்ச் சொல்ல ஒரு சின்ன வாக்கியம்: “அன்னைக்கு சீன்னு சொன்னேன்ல, அது தப்பு. எனக்கு அந்த வாசனை பழக்கமில்ல, அதான். வா, பக்கத்துல உட்காரு.” முடிந்தால் நீங்கள் அந்தப் பையனின் அம்மாவுக்கு ஒரு போன் போடுங்கள். அவர் வருத்தத்தைச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், விளக்கம் சொல்லாதீர்கள்.

பேரனுக்கு 7 வயது. நண்பர்களிடம் மட்டும் இல்லை, என்னிடமே “இல்ல தாத்தா, நீங்க சொல்றது தப்பு” என்கிறான். மகனும் மருமகளும் அதை ரசிக்கிறார்கள். எங்கள் காலத்தில் அப்பா முன்னால் வாய் திறந்ததில்லை. உங்களைப் போன்றவர்கள் மாற்றுக் கருத்து, மாற்றுக் கருத்து என்று எழுதி எழுதித்தான் இப்படி ஆகிவிட்டது.
*– வாசகர், கும்பகோணம்*

ஐயா, வணக்கம். உங்கள் கோபத்தில் பாதியை ஒத்துக்கொள்கிறேன்.

மீதிப் பாதிக்கு என் கதையைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்து முதல் பத்து வருடம் நானும் “கையைக் கட்டு, வாய்மேல விரல் வை” டீச்சர்தான். ஒருநாள் கரும்பலகையில் ஏழெட்டு 54 என்று எழுதிவிட்டேன். வகுப்பு மொத்தமும் அப்படியே எழுதிக்கொண்டது. சாப்பாட்டு மணி அடித்த பிறகு ஒரு பெண் மட்டும் மேஜை பக்கத்தில் வந்து, அழாக்குறையாக, “டீச்சர், 56 தானே?” என்றாள். “அப்பவே சொல்றதுக்கு என்ன?” என்றேன். “எதிர்த்துப் பேசக்கூடாதுன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க?” எனக்குப் பதில் வரவில்லை. வாய்ப்பாடே தெரியும் அந்தப் பிள்ளைக்கு, அதைச் சொல்கிற தைரியத்தைத்தான் நான் பிடுங்கி வைத்திருந்தேன்.

மறுத்துப் பேசுவது வேறு, எதிர்த்துப் பேசுவது வேறு. நம் வீடுகளில் இரண்டையும் ஒரே பெயரில் திட்டிவிடுகிறோம். பெரியவர்களிடம் மறுக்கவே வழியில்லாத பிள்ளை அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டும்? தன்னைவிடச் சின்னவன் மேல், இல்லையென்றால் நண்பன் மேல். மரியாதையாக மறுப்பது எப்படி என்று உங்களிடம் பழகினால்தான் தெருவில் அது வாயில் வரும்.

உங்கள் கோபத்தில் நான் ஒத்துக்கொண்ட பாதி இதுதான்: “நீங்க சொல்றது தப்பு” என்று முகத்துக்கு நேரே போடக்கூடாது. அதற்காக “தாத்தா, தங்கள் கருத்தோடு நான் உடன்படவில்லை” என்று சொல்லிக்கொடுக்கிறார்களே சில பள்ளிகளில், ஏழு வயசுப் பிள்ளை டிவி விவாதத்துக்கு வந்த மாதிரி இருக்கிறது, காது கூசுகிறது. நம் பேச்சுத் தமிழிலேயே இதற்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. கடைசியில் ஒரு ‘ஓ’ போட்டால் போதும்: “அது அப்படி இல்லையோ தாத்தா?” ஒரு ‘ஏ’ போட்டால் போதும்: “எங்க மிஸ் வேற மாதிரி சொன்னாங்களே தாத்தா.” நண்பனிடம் என்றால், “எனக்கென்னவோ அப்படித் தோணலடா”, “இருக்கலாம், ஆனா நான் பார்த்தது வேற”, “உனக்கு எப்படித் தெரியும், சொல்லேன்.” பேரன் “தப்பு” என்று ஆரம்பிக்கும்போது திட்டாமல், “ஓ போட்டுச் சொல்லு” என்று சொல்லிப் பாருங்கள். சிரித்துக்கொண்டே மாற்றிச் சொல்வான்.

உங்கள் பங்குக்கும் ஒன்று. அவன் சொன்னதுதான் சரி என்று தெரிந்தால், “அட, ஆமாடா, நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்” என்று எல்லோர் முன்னாலும் ஒரு தடவை சொல்லுங்கள். தோற்றுப்போனால் ஒன்றும் குறைந்துவிடாது என்பதை அவனுக்கு வேறு யார் காட்டுவது?

கடிதத்தின் ஓரத்தில் வள்ளுவரையும் துணைக்கு அழைத்திருந்தீர்கள். சிரித்துப் பழகுவதற்காக மட்டும் நட்பு இல்லை, எல்லை மீறும்போது முன்னால் போய் இடித்துச் சொல்வதற்கும்தான் என்று 784-வது குறளில் அவரே சொல்கிறாரே ஐயா. என்ன, இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதில் ‘இடித்தல்’ என்பதை மட்டும் எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொள்கிறார்கள்.

எல்லோரும் சண்டையைப் பற்றி எழுதுகிறார்கள். என் மகள் (8 வயது) சண்டையே போடுவதில்லை. பென்சில், ரப்பர், ஊஞ்சலில் அவள் முறை, எல்லாவற்றையும் கொடுத்துவிடுவாள். எது கேட்டாலும் “சரி”தான். முதலில் பெருமையாக இருந்தது, இப்போது பயமாக இருக்கிறது.
*– பெயர் வேண்டாம், மதுரை*

பயந்தது நல்லது. இவள் மூத்த பிள்ளையா? “நீ பெரியவ, விட்டுக்கொடு” என்று தினம் எத்தனை தடவை சொல்கிறீர்கள் என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். விட்டுக்கொடுப்பவளுக்கு முதலில் ஒன்று கையில் இருக்க வேண்டும், அதை விட மனசும் வேண்டும். இவள் கேட்டதும் பயத்தில் கொடுத்துவிடுகிறாள் என்று நினைக்கிறேன்.

வீட்டிலேயே சின்னச் சின்ன “வேண்டாம்”களுக்கு இடம் கொடுங்கள். இந்தச் சட்டையா அந்தச் சட்டையா, அவள் சொன்னதுதான் முடிவு. அவள் பொம்மையைத் தம்பி கேட்டால் நீங்கள் முந்திக்கொண்டு தீர்ப்புச் சொல்லாதீர்கள், அவள் முகத்தைப் பாருங்கள், காத்திருங்கள். “இப்போ நான் வெச்சிருக்கேன், முடிச்சிட்டு தரேன்” என்ற வாக்கியத்தை ராத்திரி படுக்கையில் பொம்மைகளை வைத்துப் பேசிப் பழகலாம், நீங்கள் பிடுங்குகிற பொம்மையாக இருங்கள், நன்றாகப் பிடுங்குங்கள். பள்ளியில் முதல் தடவை “தரமாட்டேன்” என்று சொல்லிவிட்டு வந்து அழுவாள். தோழி போய்விடுவாளோ என்ற பயம். மறுநாள் அந்தத் தோழி வழக்கம்போல வந்து பக்கத்தில் உட்காருவாள், அதை அவளே பார்க்கட்டும்.

மகனைக் கறுப்பா, குண்டா என்று கூப்பிட்டு, நாலைந்து பையன்கள் தினமும் பையைப் பிடுங்கி எறிகிறார்கள். டீச்சரிடம் சொன்னால் “பசங்க சண்டை, அவங்களே பேசித் தீர்த்துப்பாங்க” என்கிறார். இவனுக்கு மரியாதையாகப் பேசிச் சமாளிக்க எப்படிக் கற்றுக்கொடுப்பது?
*– வாசகி, சேலம்*

கற்றுக்கொடுக்காதீர்கள். இதில் கருத்து வேறுபாடு எங்கே இருக்கிறது? நாலு பேர் சேர்ந்து ஒருவனை வதைக்கிறார்கள். இதைப் பேசித் தீர்ப்பது அவன் வேலை இல்லை, பெரியவர்கள் வேலை. தேதி போட்டு, நடந்ததை எழுதி, தலைமை ஆசிரியரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். அசையவில்லை என்றால் 1098, குழந்தைகளுக்கான உதவி எண். மகனிடம் “உன்மேல தப்பே இல்ல” என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

சிஎஸ்கே, ஆர்சிபி என்று என் இரண்டு பையன்களும் அவர்களின் நண்பர்களும் வீட்டையே ரெண்டாக்குகிறார்கள். ஐபிஎல் முடிகிற வரை டிவியை மூடி வைக்கட்டுமா?
*– வாசகர், வேலூர்*

மேட்ச் பார்க்கும்போது நீங்கள் எதிரணியை என்ன சொல்லித் திட்டுவீர்கள் என்று எழுதவே இல்லையே!

டிவி இருக்கட்டும். இடைவேளையில் பத்து நிமிடம் ஒரு பட்டிமன்றம் வையுங்கள், சிஎஸ்கே பையன் ஆர்சிபிக்காகப் பேச வேண்டும், அவன் இவனுக்காக. ஆளைத் திட்டினால் ஒரு பாயிண்ட் போச்சு. நடுவர் நீங்கள், கடைசியில் எல்லோருக்கும் ஒரே தட்டில் பஜ்ஜி. எங்கள் வீட்டில் போன ஞாயிற்றுக்கிழமை கத்தரிக்காயா உருளைக்கிழங்கா என்று வைத்தோம். கத்தரிக்காயை அடியோடு வெறுக்கிற என் பேத்தியைக் கத்தரிக்காய் அணியில் போட்டேன், எண்ணெய்க் கத்தரிக்காயின் பெருமையை ஐந்து நிமிடம் பொளந்துகட்டி ஜெயித்தும்விட்டாள். சாப்பாட்டில் மட்டும் இன்னும் ஒதுக்கித்தான் வைக்கிறாள்.